கடற்கரை வீரரைப் பண்ணால் எழுப்பியவர்

(தூத்துக்குடியில் நடைபெற்ற தமிழிசைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



முத்துக்குப் பெயர்பெற்றது இக் கடற்கரை. கொற்கையில் விளைந்த முத்தைச் சங்கப் புலவர் பாடினர். கொற்கையை விட்டுக் கடல் விலகியபின் காயல் துறை ஓங்கியது. காயல் தாழ்ந்தபின் தூத்துக்குடி எழுந்தது. துறை மாறினும் தொழில் மாறவில்லை. கல்லின் துணையாற் கடலடி சென்று, மூச்சடக்கிச் சிப்பி எடுத்து, கயிறு பிடித்திருப்பவனின் கையை நம்பி மேலே மீண்ட வீரர் வாழ்ந்த கரை இது. அம் முத்துக்குளிப்பு இக் கடலிற் கடைசியாக நிகழ்ந்தது 1961-ஆம் ஆண்டில். 1973-இல் இதே தூத்துக்குடியில் நடுவணரசின் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை ஆக்கி வென்றனர். எனினும் பழைய முத்துக்குளிப்பு மீளவில்லை.

அதே 1961-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இக் கரையைப் பற்றிய திரைப்படம் ஒன்று வெளிவந்தது. அது ‘கப்பலோட்டிய தமிழன்’. அதற்கு இரண்டாண்டுகட்கு முன், 1959-இல், ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வெளிவந்தது. சிதம்பரனார் பிறந்த ஒட்டப்பிடாரமும் கட்டபொம்மன் கோட்டை நின்ற பாஞ்சாலங்குறிச்சியும் அண்டை ஊர்கள். இரு படங்களையும் எடுத்து இயக்கியவர் பி. ஆர். பந்துலு. இரண்டிலும் தலைவனாக நடித்தவர் சிவாசி கணேசன். இவையெல்லாம் இங்குள்ள சிறுவனும் அறிந்த செய்திகள். ஆனால், இரண்டு படங்கட்கும் இசையமைத்தவர் யார் என்று கேட்டால், விடை சொல்வார் எத்துணைப் பேர்? பாட்டைக் கேட்டவுடன் தலையசைக்கும் தமிழன், அப் பாட்டுக்குப் பண் தந்தவனின் பெயரை அறியான். அப் பெயர் இராமநாதன், திரையுலகம் ஜி. இராமநாதன் என்று அழைத்த இசையாளர். அவர் வாழ்க்கைத் தொழிலை இக் கடற்கரை மக்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

அவர் செய்த பணியின் அளவை அறிய வேண்டுமாயின், அதற்கு முன் தமிழிசை எந் நிலையிற் கிடந்தது என்று காணவேண்டும். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இங்கிருந்து கரிசல் நிலத்துள் வடமேற்கே சென்றால் எட்டயபுரம். இசைக்குப் பெயர்போன அரண்மனை அங்கு இருந்தது. முத்துசாமித் தீட்சிதர் தம் இறுதி நாள்களை அங்கே கழித்து 1835-இல் மறைந்தார். அவர் குடிவழியில் வந்த சுப்பராமத் தீட்சிதர், தென்னாட்டு இசையின் பெருங்களஞ்சியம் எனத்தக்க ‘சங்கீத சம்பிரதாயப் பிரதருசினி’ என்னும் நூலை 1904-இல் அவ்வூரிலேயே அச்சிட்டு வெளியிட்டார். தமிழ்மண்ணில், தமிழ் வேளாளனும் தமிழ் வணிகனும் கொடுத்த வரிப்பணத்தில் வாழ்ந்த அரண்மனையின் துணையால் வெளிவந்த அந் நூல் எம்மொழியில் இருந்தது? தெலுங்கில் இருந்தது! அந்நூலாசிரியரின் புலமையைக் குறைகூறுவது நோக்கமன்று. அதன் அருமை பெரிது. ஆயினும் எட்டயபுரத்துத் தெருவில் நடந்த தமிழன் அதைத் தொட்டுப் பார்க்கலாமேயன்றிப் படித்துப் பார்க்க இயலாது. தன் வீட்டு நெல்லைத் தான் உண்ண இயலாத நிலை அது.

அதே எட்டயபுரத்தில் 1882-இற் பிறந்தவர் பாரதியார். பொருள் தெரியாத பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் பாடும் பாடகர்களையும், பொருள் தெரியாமலே தலையாட்டும் அவையினரையும் அவர் தம் கட்டுரையிற் கடிந்தார். தமிழில் புதிய பாட்டுகள் வேண்டும், அவை மக்கட்கு விளங்கவேண்டும் என்றார். சொன்னதோடு நில்லாமல் தாமே பாடினார்; பல பாடல்களுக்குப் பண்ணும் தாளமும் குறித்து வைத்தார். ஒரே ஊரில், அரண்மனைக்குள் அயன்மொழி இசை. அரண்மனைக்கு வெளியே தமிழிசைக்கான குரல். இதுவே அன்றைய தமிழகத்தின் படம்.

இதன்பின் நடந்தவற்றைத் தமிழிசை வரலாறு அறிந்தோர் அறிவர். பழைய திருநெல்வேலிச் சீமையிற் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டு, தென்னாட்டிசையின் வேர் சிலப்பதிகாரத்தில் உள்ளது என்று காட்டினார். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இல் அரசர் அண்ணாமலையாரின் முயற்சியால் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. ஈழத்து விபுலானந்த அடிகள் 1947-இல் ‘யாழ் நூல்’ தந்தார். ஆயினும், கச்சேரி மேடையிற் கோலோச்சியோர் எளிதில் இசையவில்லை. தமிழ்ப்பாட்டுக்குத் ‘துக்கடா’ என்று பெயரிட்டு, அவையோர் எழுந்து செல்லும் நேரத்துக்கு ஒதுக்கினர்.

இங்கேதான் திரைப்படம் வருகின்றது. திரைப்படத்தால் விளைந்த கேடுகள் பல. தமிழைக் கொச்சைப்படுத்தியது; பண்பாட்டைக் குலைத்தது; இளைஞரின் நேரத்தைத் தின்றது. இவற்றை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் நடுநிலை தவறாது நோக்கினால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மேடை மூடிய கதவைத் திரை திறந்தது. அரண்மனையிலும் அவைகளிலும் அடைபட்டுக் கிடந்த பண்களைத் தமிழ்ச் சொல்லோடு சேர்த்துத் தெருவுக்குக் கொண்டுவந்தோர் திரையிசையாளர். அவருள் முன்வரிசையில் நின்றவர் இராமநாதனார்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த பிச்சாண்டார் கோவில் அவர் ஊர். தமையனார் சுந்தர பாகவதர் இசையோடு கதை நிகழ்த்துபவர். தமையனார்க்கு ஆர்மோனியம் இசைத்தும், நாடகக் குழுக்களில் இசைத்தும் தொழில் பயின்றவர் இராமநாதனார். இசைக்கல்லூரிப் பட்டம் அவருக்கு இல்லை. நாடகக் கொட்டகையே அவர் கல்லூரி. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் உழவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்கவேண்டும் என்பது அக் கல்லூரியின் முதற்பாடம். அப் பாடத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1930-களின் பிற்பகுதியில் அவர் திரைக்கு வந்தார். 1941-இல் வெளிவந்த ‘ஆரியமாலா’ அவர் பெயரை நிறுத்திற்று. தியாகராச பாகவதர் நடித்த ‘சிவகவி’ 1943-இலும் ‘அரிதாசு’ 1944-இலும் வந்தன. அவற்றில் பாபநாசம் சிவன் பாட்டும் மெட்டும் தர, கருவியிசையை ஒழுங்குசெய்து இயக்கும் பொறுப்பு இராமநாதனாருடையது. ‘அரிதாசு’ சென்னையில் ஒரே அரங்கில் மூன்று தீவாளிகளைக் கண்டது என்பதைத் திரை வரலாறு இன்றும் பேசும். பின்னர்ச் சேலம் மாடர்ன் தியேட்டர்சாரின் ‘மந்திரி குமாரி’ 1950-இல் வந்தது. அதில் திருச்சி உலோகநாதனும் சிக்கியும் பாடிய பாட்டு, வானொலி இருந்த ஊரிலெல்லாம் ஒலித்தது. 1954-இல் ‘தூக்குத் தூக்கி’, டி. எம். சௌந்தரராசனின் குரல் சிவாசி கணேசனின் குரலாகவே மக்கள் நெஞ்சில் வேரூன்றியது அப் படத்தில்தான். 1956-இல் ‘மதுரை வீரன்’, 1957-இல் ‘அம்பிகாபதி’, 1958-இல் ‘உத்தம புத்திரன்’ எனத் தொடர்ந்து வந்தன.

அந்நாளைய ஒலிப்பதிவு இன்றைய நிலையினதன்று. இன்று ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதிந்து, பிழையைத் துண்டித்து ஒட்டலாம். அன்று பாடுவோரும் கருவி இசைப்போரும் ஒருங்கே அமர்ந்து, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சிற் பாடிப் பதிய வேண்டும். ஒருவன் ஒரு தாளம் தவறினால் அனைவரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முத்துக்குளிப்பவன் மூச்சைப்போல அது அளவோடு நிற்கும் உழைப்பு.

இனி, அவர் தொழிலின் உயிர்நிலை யாது என்று காண்போம். பண்ணமைப்பவன் முன் இரண்டு பொருள்கள் உள்ளன: ஒன்று சொல், மற்றொன்று பண். பண்ணுக்காகச் சொல்லைக் கொல்வோர் உண்டு. தமிழில் குறிலும் நெடிலும் வெறும் ஓசை வேறுபாடு அல்ல, பொருள் வேறுபாடு. குறிலை நீட்டினால் கல் காலாகும், பல் பாலாகும், படம் பாடமாகும். சொல்லைத் தவறான இடத்திற் பிளந்தாலும் அதே கேடுதான். ‘தமிழகம்’ என்னுஞ் சொல்லைத் ‘தமி’ என்று நிறுத்தி, மூச்செடுத்து, ‘ழகம்’ என்று முடிப்பவனை என்னென்பது? வல்லினத்தை மெலிந்து ஒலிப்பதும், ழகரத்தை விழுங்குவதும் இன்று நாகரிகமாகி விட்டன. இராமநாதனார் பாட்டுகளை ஊன்றிக் கேளுங்கள். பண்ணின் நீட்டமெல்லாம் நெட்டெழுத்தின்மேல் அமர்ந்திருக்கும். சொல் முடியுமிடத்தில் இசையடி மூச்சுவிடும். ‘அம்பிகாபதி’யில் சௌந்தரராசன் பாடிய இறைப்பாடல், இன்று கலியாணி என்று பெயர் வழங்கும் பண்ணில் அமைந்தது. அப் பண் நம் முன்னோரின் மேற்செம்பாலையே என்று இசையாய்வாளர் காட்டுவர். மேற்செம்பாலை என்ற பெயரைக் கேட்டறியாத வண்டிக்காரனும் அப் பாட்டைப் பிழையின்றிப் பாடினான். மாநாடுகள் தீர்மானத்தால் செய்ய முயன்றதை ஒரு பாட்டு செய்து முடித்தது!

இப்பொழுது இக் கடற்கரைப் படங்கள் இரண்டுக்கும் வருவோம்.

கட்டபொம்மன் 1799-ஆம் ஆண்டு அக்தோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். வெள்ளையர் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினர். ஏடுகளில் அவன் பெயரை இழித்து எழுதினர். ஆனால் பாட்டை அவர்களால் இடிக்க முடியவில்லை. கரிசற்காட்டு மக்கள் கதைப்பாடலாகவும் கூத்தாகவும் அவனை நூற்றைம்பது ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தனர். பேராசிரியர் நா. வானமாமலை அவற்றைத் தேடிப் பதிப்பித்துத் தந்தார். திரைப்படத்துக்குப் பாட்டெழுதியவர் கு. மா. பாலசுப்பிரமணியம். வண்டி பூட்டிச் செல்லும் உழவர் பாட்டும், போருக்குச் செல்லும் வெள்ளையத்தேவனை அவன் மனைவி தடுத்தழும் பாட்டும் அதில் உள்ளன. தீக்கனாக் கண்டு நடுங்கும் அப் பெண்ணின் பாட்டுக்கு இராமநாதனார் அரண்மனை இசையைத் தேடவில்லை. ஒப்பாரி வைக்கும் நாட்டுப்புறத் தாயின் குரலைத் தேடினார். அதனாற்றான் அப் பாட்டைக் கேட்கும்பொழுது தமிழ்ப் பெண்டிர் கண்கலங்கினர். 1960-இல் கெய்ரோ நகரில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் அப் படத்தின் இசைக்காக அவர்க்குச் சிறந்த இசையமைப்பாளர் பரிசு கிடைத்தது. நீலாற்றங்கரையில் தமிழிசைக்கு மணிமுடி! கரிசல் மண்ணின் ஒப்பாரிக்குக் கடல்கடந்து கிடைத்த பெருமை அது.

‘கப்பலோட்டிய தமிழன்’ இதனினும் அரிய பணி. ம. பொ. சிவஞானனாரின் நூலைத் தழுவிய அப் படத்தில் பாடல்கள் அனைத்தும் பாரதியாருடையவை. பாரதியார் நூல்கள் 1949-இல் நாட்டுடைமையாயின. ஆகலின் அவற்றைப் பாடத் தடையில்லை. ஆனால் வேறொரு தடை இருந்தது. திரையுலகில் மெட்டை முதலில் அமைத்து, அம் மெட்டுக்கு அளவாகச் சொல்லை வெட்டி அடுக்குவது பெருவழக்கு. சொல் நெருடினால் பாவலனை அழைத்து மாற்றச் சொல்லலாம். இங்கோ பாவலர் 1921-இலேயே மறைந்தவர். ஓர் எழுத்தையும் மாற்றும் உரிமை எவர்க்கும் இல்லை. பாட்டு நிற்க, பண்தான் வளைந்து வரவேண்டும். சிந்தும் கண்ணியும் விருத்தமுமாக வெவ்வேறு யாப்பில் அமைந்த பாட்டுகள். விடுதலை வேட்கை, குழந்தைக்கு அறிவுரை, காதல் எனப் பல்வேறு உணர்வுகள்.

இராமநாதனார் அதைச் செய்தார். விடுதலைத் தாகத்தைப் பாடும் பாட்டைத் திருச்சி உலோகநாதன் குரலில் ஒரு வேண்டுகோளாக, ஒரு விம்மலாக அமைத்தார். கண்ணம்மாவைப் பாடும் காதற்பாட்டைப் பி. பி. சீனிவாசு, சுசீலா குரல்களிற் கடற்காற்றைப் போலத் தவழவிட்டார். சீர்காழி கோவிந்தராசனின் வெண்கலக் குரலைச் சினத்துக்குப் பயன்படுத்தினார். பள்ளிப் பாடநூலில் மனப்பாடப் பகுதியாய்ப் படுத்துக் கிடந்த பாரதியார் எழுந்து நடந்தார். எட்டயபுரத்தான் பாட்டு, ஒட்டப்பிடாரத்தான் கதையில், தூத்துக்குடித் துறைமுகத்தின் பெயரால் தமிழகம் முழுதும் ஒலித்தது. அரண்மனைக்கு வெளியே நின்ற குரல் அன்று வென்றது.

ஆனால் பெருமக்களே, அப் படம் அதை எடுத்தவர்க்குப் பொருள் தரவில்லை. இழப்பே தந்தது. இது எதனை நினைவூட்டுகின்றது? 1906-இல் சிதம்பரனார் சுதேசிக் கப்பல் குழுமத்தைத் தொடங்கினார். ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. வெள்ளைக் குழுமம் என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது; பின் கட்டணமே இன்றி ஏற்றியது. மலிவைக் கண்டு மயங்கியவர் உண்டு. 1908-இல் சிதம்பரனார் சிறை சென்றார், செக்கிழுத்தார், கப்பல் கைமாறியது. 1912-இன் இறுதியில் அவர் விடுதலையாகி வந்தபொழுது வரவேற்கத் திரண்ட கூட்டம் எங்கே? விரல்விட்டு எண்ணத்தக்கவரே வந்தனர். எஞ்சிய வாழ்நாளில் அவர் தொல்காப்பியத்துக்கும் திருக்குறளுக்கும் உழைத்து, வறுமையோடே 1936-இல் மறைந்தார். தமிழன் தன் பொருளைத் தானே விலைகொடுத்துக் காக்கத் தவறினான். கப்பலில் நேர்ந்த அதே தவறு, அக் கப்பலைப் பற்றிய படத்திலும் நேர்ந்தது.

இசையாளர் நிலையும் அவ்வாறே. 1960-களின் தொடக்கத்தில் திரையிசையின் சுவை மாறிற்று. மேலைநாட்டுத் துள்ளலிசை புகுந்தது. அதை இராமநாதனாரும் அறியாதவர் அல்லர். ‘உத்தம புத்திரன்’ படத்திலேயே அத்தகைய ஆட்டப்பாட்டு ஒன்று அமைத்தார். தமிழிசை ஆர்வலர்க்கு அது உவப்பாகாது. எனினும், வயிற்றுப்பாட்டுத் தொழிலில் நின்றவர் அவர். படமெடுப்போன் கேட்டதைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் உண்டு. அக் கட்டாயத்துக்குள் நின்றுகொண்டே எத்துணை நல்லவை செய்தார் என்பதே அவர் பெருமையை அளக்கும் கோல். ‘கப்பலோட்டிய தமிழன்’ வந்த இரண்டாண்டில், 1963-இல், அவர் மறைந்தார். அவர் இசைத்துக்கொண்டிருந்த ‘அருணகிரிநாதர்’ அவர்க்குப் பின்னரே 1964-இல் வெளிவந்தது.

அவர் மறைந்தபின் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. 1975-ஆம் ஆண்டு ஆகத்து 15-ஆம் நாள் அது தொடங்கிற்று. வெள்ளி மாலை ‘ஒலியும் ஒளியும்’ பார்க்க ஊரே ஒரு வீட்டு முற்றத்திற் கூடிய காலம் ஒன்றிருந்தது. அப் பெட்டியின் வழியாக அவர் பாட்டுகள் அடுத்த தலைமுறைக்கும் சென்றன. இன்று தொலைக்காட்சியே இசையாளரின் பயிற்சிக்களமாகிவிட்டது. சின்னத்திரைத் தொடர்களுக்கு இசையமைத்துப் பின் பெரிய திரைக்கு வந்த இமான், 2019-இல் வந்த ‘விசுவாசம்’ படத்துக்காக நடுவணரசின் விருது பெற்றார். நாடகக் கொட்டகை செய்த வேலையை இன்று தொலைக்காட்சி செய்கின்றது. நன்று. ஆயினும் அங்கு நடக்கும் பாட்டுப்போட்டிகளைப் பாருங்கள். பழைய பாட்டொன்றைப் பாடியவுடன் நடித்தவர் பெயர் சொல்வர். முதலிற் பாடியவர் பெயர் சொல்வர். எழுதியவர் பெயரும் பண்ணமைத்தவர் பெயரும் பலகாலும் காற்றோடு போகின்றன. சொல்லை மென்று விழுங்கிப் பாடிய குழந்தைக்குக் கைதட்டல் கிடைக்கின்றது. சொல் தெளிவைப் பற்றி நடுவர் வாய்திறப்பது அரிது.

இக் கடற்கரை செய்நன்றி மறவாத கரை. 1974-இல் பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மனுக்கு நினைவுக்கோட்டை எழுந்தது. 1986-இல் பிரிந்த இம் மாவட்டம் சில ஆண்டுகள் சிதம்பரனார் பெயரையே தாங்கியது. 2011-இல் துறைமுகம் அவர் பெயரைப் பெற்றது. எட்டயபுரத்தில் பாரதியார்க்கு மணிமண்டபம் உண்டு. இம் மூவரையும் ஒரு நூலிற் கோத்து மக்கள் நெஞ்சில் அணிவித்த பண்ணாளர்க்குச் சிலை வேண்டும் என்று கேட்கவில்லை. சிலை செய்வது எளிது. மறப்பதற்கும் அதுவே வழி. வேண்டுவன வேறு.

ஒன்று: இம் மாவட்டத்துப் பள்ளிகளில் பாரதியார் பாட்டு மனப்பாடச் செய்யுளாக மட்டும் இராமல், பண்ணோடு பாடக் கற்பிக்கப்பட வேண்டும். குறில் குறிலாகவும் நெடில் நெடிலாகவும் ழகரம் ழகரமாகவும் ஒலிக்கக் கற்பிக்கப்பட வேண்டும்.

இரண்டு: எந்த மேடையில் தமிழ்ப்பாட்டு பாடினும், எழுதியவர், பண்ணமைத்தவர், பாடியவர் ஆகிய மூவர் பெயரையும் சொல்லும் வழக்கம் வேண்டும். இதற்குச் செலவில்லை; நெஞ்சில் நேர்மை இருந்தாற் போதும்.

மூன்று: பண்களின் தமிழ்ப்பெயரை வழக்கிற் கொண்டுவர வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாட வேண்டிய பண்ணை 2021-ஆம் ஆண்டின் தமிழக அரசாணை முல்லைப்பாணி என்றே குறித்துள்ளது. அரசே சொல்லிவிட்ட பின் ஆசிரியர் தயங்குவது ஏன்?

நான்கு: இது இக் கரைக்கே உரியது. துடுப்புப் போட்டும் வலையிழுத்தும் பாடிய அம்பாப் பாட்டுகள், விசைப்படகின் ஓசையில் அமுங்கி மறைகின்றன. கானல்வரி பாடிய நெய்தல் நிலத்து மரபின் கடைசி மூச்சு அவை. முதியோர் நாவில் எஞ்சியவற்றை இளைஞர் சென்று கேட்டு, பதிந்து, எழுதிவைக்க வேண்டும். கட்டபொம்மன் கதைப்பாடலை மக்கள் காத்திராவிடில், இராமநாதனார் எதிலிருந்து அந்த ஒப்பாரியை எடுத்திருப்பார்? நாளை ஓர் இசையாளன் இக் கடற்கரைக் கதைக்குப் பண் தேடி வருவான். அவன் வருங்கால் அம்பாப் பாட்டு இருக்கவேண்டும்.

முத்து கடலடியிற் கிடந்தாலும் முத்துத்தான். ஆனால் ஒருவன் மூழ்கி எடுத்தாலன்றி அது மாலையாகாது. பாரதியாரின் சொல்லையும் நாட்டுப்புறத் தாயின் அழுகையையும் மூழ்கி எடுத்தவர் இராமநாதனார். எடுத்துக் கொடுத்தவனை மறந்து முத்தை மட்டும் அணிவது தமிழர்க்கு அழகன்று.

தமிழ்ப்பாட்டைத் தமிழாகப் பாடுவோம்! பண் தந்தாரைப் பெயர்சொல்லிப் போற்றுவோம்! வெல்க தமிழ்!